தேர்வீதியில் நான்கு நிமிட யுத்தம்

ஆப்கானிஸ்தான் யுத்தம் மெல்பேர்னிலும் நடந்தது, கோயில் தேர்வீதியில், சரியாக நான்கு நிமிடம், அதில் அடிபட்ட ஒரே ஆள் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று செந்தில்நாதன் அறிவித்தபோது, ஸ்பிரிங்வேல் மூத்தோர் சங்கத்தின் புதன்கிழமைக் கூட்டத்தில் பதினேழு பேர் தேநீருக்குள் தோய்த்த பிஸ்கட்டை வெளியே எடுக்க மறந்தார்கள். பதினேழு பிஸ்கட்டும் ஒரே நொடியில் உடைந்து கோப்பைக்குள் விழுந்தன. இது செந்தில்நாதன் பிற்பாடு சொன்ன கணக்கு. வந்திருந்தவர்கள் மொத்தமே ஒன்பது பேர். அதில் நாலு பேருக்குச் சர்க்கரை வியாதி, பிஸ்கட்டைத் தொடுவதே இல்லை.

"அடிபட்டது ஆரெண்டு கேளுங்கோவன்," என்றார்.

ஒருவரும் கேட்கவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கிற ஆளுமில்லை.

"உந்த ஆரோக்கியம்தான்! மனுசன்ர கண்ணாடி தூள்தூளாப் பறந்தது. ஒரு துண்டு டண்டினோங் வரைக்கும் போனதாம். என்ர கண்ணால கண்டனான்."

ஆரோக்கியசாமி கோப்பையைக் கீழே வைத்தார். மலேசியாவில், ஈப்போவில் பிறந்து, மெல்பேர்னில் தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபத்தாறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அவர் ஒரு ஜேபி. ஆட்கள் கொண்டுவரும் பத்திரங்களைப் பார்த்து, அசலும் நகலும் ஒன்றுதான் என்று முத்திரை குத்திக் கொடுக்கும் பதவி. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. அசலைக் காணாமல் அவர் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. இயேசு உயிர்த்தெழுந்ததைக்கூட ஒரு வாரம் யோசித்துத்தான் ஏற்றுக்கொண்டார் என்பது செந்தில்நாதனின் கட்சி.

"நாதா, பதினாலு வருசமா அதுக்குப் பேரு முருகன்," என்றார் ஆரோக்கியசாமி. "என் மவனுக்கு முருகன் வந்தாரு, முருகன் வந்தாருன்னு ஊர் பூரா நீதான் சொன்ன. இப்ப முருகன் போயி ஆப்கானிஸ்தான் வந்துருச்சா? அடுத்த வாரம் என்னா லா, கார்கில் வருமா?"

மண்டபம் சிரித்தது. செந்தில்நாதனும் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த கடிதத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வருடத்துக் கதைகளில் முதல்தடவையாக அவர் உண்மையைச் சொல்லியிருந்தார். பழக்கமில்லாத வேலை, அதனால் அதையும் பீற்றலாகவே சொல்லத் தெரிந்தது.

ஆமி, அதாவது இராணுவம், என்ற சொல்லிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 'ஆமி வாறான்' என்று ஒரு குரல் கேட்டால் அடுப்பில் கிடப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடவேண்டும். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் செந்தில்நாதனும் மனைவி மீனாம்பாளும் நாலு வயது ஆரூரனைத் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பதினைந்து வருடம் கழித்து, அதே ஆரூரன் குசினி வாசலில் நின்று, "அம்மா, ஆமில சேர்ந்திட்டன்," என்றான். ஆஸ்திரேலிய ஆமிதான். மீனாம்பாளுக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. நாலாம் நாள் சோறு வடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"உந்தச் சொல் இந்த வீட்டுப் படலையத் தாண்டக் கூடாது. கேக்கிற ஆக்களுக்கு அவன் டார்வினில அரசாங்க மெக்கானிக்."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அவன் கவச வண்டிகளைத் திருத்துகிறவன். மிச்சத்தைச் செந்தில்நாதன் பார்த்துக்கொண்டார். டார்வினில் மகனுக்கு வேலியில்லாத வீடு, வளவுக்குள் இரண்டு முதலை, ஒன்றுக்கு இடியப்பம் பிடிக்கும். ஊர் முதலையை நம்பவில்லை, டார்வினை நம்பியது. அவன் ஆப்கானிஸ்தானில், உருஸ்கான் மலைகளுக்குள் ஏழு மாதம் இருந்தது ஊருக்குத் தெரியாது. அங்கே வீதியோரக் குண்டில் சிதைந்த வண்டிகளை இழுத்து வந்து, உள்ளே இருந்ததைக் கழுவி, மறுபடி ஓடவைத்தது வீட்டுக்குள்ளேகூட யாருக்கும் தெரியாது. ஆரூரன் சொல்லவில்லை. கேட்கிறவர்களும் இல்லை.

திரும்பி வந்த மூன்றாம் மாதம் தேர்த் திருவிழா. 2012 பெப்ரவரி, நாற்பது பாகை வெயில். வேட்டி கட்டி, வெறும் மேலோடு ஆரூரன் வடம் பிடித்தான். ஆரோக்கியசாமி மாதா கோயிலில் காலைப் பூசையை முடித்துவிட்டு, செந்தில்நாதன் கூப்பிட்டாரே என்று, மோருக்கும் சுண்டலுக்குமாக வந்து தேருக்குப் பக்கத்தில் நின்றார். தேருக்கு முன்னால் சிதறுதேங்காய் குவிந்து கிடந்தது. நூற்றெட்டு. செந்தில்நாதனின் கணக்கில் பத்தாயிரத்தெட்டு. முதல் தேங்காய் தாரில் விழுந்து வெடித்தபோது ஆரூரனின் கை வடத்தில் இறுகியது. பிறகு பத்துப் பன்னிரண்டு இளந்தாரிகள் சேர்ந்து, ஒரே மூச்சில், கை ஓயாமல் அடித்தார்கள்.

ஆரூரன் வடத்தை விட்டான். பக்கத்தில் நின்ற ஆரோக்கியசாமியைக் கழுத்தோடு பிடித்துத் தரையில் சாய்த்து, அவர்மேல் தன் உடம்பை முழுதாகப் பரப்பிக்கொண்டு படுத்தான். தேங்காய்ச் சில்லுகள் அவன் முதுகில் வந்து விழுந்தன. வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. மேளத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

இது ஆமியிலிருந்து கூடவே வந்தது என்று மீனாம்பாளுக்கு அந்த நொடியே விளங்கியது. அதனால்தான் அவர் முதலில் கத்தினார்: "முருகா!"

ஒரு சொல்லை மறைக்க அவருக்கு அகப்பட்ட இன்னொரு சொல் அது. அதற்குப் பிறகு யாரையும் தடுக்க முடியவில்லை. திருநீறு வந்தது, வேப்பிலை வந்தது, கற்பூரம் வந்தது. அடியிலிருந்து இழுத்தெடுக்கப்பட்ட ஆரோக்கியசாமி, தலைமுதல் கால்வரை இளநீரில் நனைந்து, உடைந்த கண்ணாடியைக் கையில் பிடித்தபடி, "குடிகாரப் பய! வெறும் குடிகாரப் பய!" என்று கத்திவிட்டுப் போனார். ஆக ஊரில் இரண்டு கட்சி. முருகன் என்றது பெரிய கட்சி. குடி என்றது ஆரோக்கியசாமி ஒருவர். மூன்றாவது கட்சி கிடையாது.

அடுத்த மாதம் முழுக்க வீட்டுக்குக் குறி கேட்க ஆட்கள் வந்தார்கள். லீவில் வந்து, இரவெல்லாம் தூங்காமல் கதிரையில் சாய்ந்திருந்தவனிடம், ட்ருகனினாவில் வீடு வாங்கலாமா, விசா எப்போது வரும் என்று கேட்டார்கள். அவன், "ஐ டோன்ட் நோ," என்றான். முருகன் யோசிக்கிறார் என்று செந்தில்நாதன் விளக்கம் சொன்னார். ஒருவருக்கு மூன்றாம் வாரமே விசா வந்துவிட, தட்டு நிறைய மாம்பழத்தோடு வந்து காலில் விழுந்தார்கள். செந்தில்நாதனுக்கு அது பொற்காலம். அந்த மாம்பழத்தை ஆரூரன் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான், இத்தனை வருடம் கழித்து, அவருக்கு நினைவுக்கு வருகிறது.

அடுத்த வருடம் ஆமியை விட்டான். செய்த கலியாணம் இரண்டு வருடம்தான் நிலைத்தது. வேலைகள் அதைவிடக் குறைவாக. நாற்பத்திரண்டு வயதில் இப்போது அப்பாவின் கராஜுக்குள் இருக்கிறான், உருட்டுக் கதவு முழங்கால் உயரம் மட்டும் திறந்திருக்க. வீதியில் போகிறவர்களுக்குச் சப்பாத்துப் போட்ட இரண்டு கால் மட்டும் தெரியும்.

கடிதம் செந்தில்நாதன் கைக்கு வந்ததும் பெயரால்தான். அப்பாவின் பெயர்தான் மகனுக்குக் கடைசிப் பெயர். கன்பராவிலிருந்து வருவதெல்லாம் 'மிஸ்டர் செந்தில்நாதன்' என்றே வரும். தண்ணீர் பில் என்று நினைத்துப் பிரித்தார். பழைய படைவீரர்களுக்கு நட்டஈடு கொடுக்கும் அலுவலகம், முழங்கால் காயத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. மனநோய் குறித்து, அது சேவைக் காலத்தை ஒட்டித் தொடங்கியது என்பதற்கு அந்நாளைய ஆதாரம் ஏதாவது அனுப்பும்படி கேட்டிருந்தது. மரியாதையான கடிதம். மகன் இரண்டு வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

கடிதத்தோடு திரும்பி வந்த மனு நகலின் அடியில் கிரிஜா என்று ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் ஆரூரன் கையெழுத்தில் இருந்தது. அவர் கூப்பிட்டார். அவள் வந்தாள். மதுரைப் பெண். சிட்னியில், வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் பத்து வருடம் நர்ஸாக இருந்தவள். கணவர் கடற்படையில் முதுகை ஒடித்துக்கொண்டபோது மனு எழுதப் பழகி, இப்போது மற்றவர்களுக்கும் சும்மா எழுதிக் கொடுக்கிறாள்.

"மொத்தம் மூணு சட்டம் அங்கிள்," என்றாள். "எப்ப அடிபட்டுச்சோ அதப் பொறுத்து சட்டம் மாறும். இவருக்கு முழங்கால் போனது 2003, ட்ரெயினிங்ல. அது ஒரு சட்டம். மனசு போனது 2011. அது வேற சட்டம், வேற ஃபார்ம், வேற கணக்கு. ஒரே ஆள ரெண்டா வெட்டி ரெண்டு பக்கம் அனுப்புற மாதிரி. நிறையப் பேர் பாதியிலேயே விட்டுருவாங்க."

"அப்ப என்ன செய்யிறது, பிள்ளை?"

"வர்ற ஜூலை ஒண்ணுலேர்ந்து மூணையும் ஒண்ணாக்குறாங்க. அதுக்கப்புறம் போடுற மனு எல்லாம் ஒரே சட்டத்துலதான்."

"அப்ப அலுவல் முடிஞ்சுது!"

"கதவு ஒண்ணாயிரும் அங்கிள். தட்டுறது நாமதான் தட்டணும். அந்தக் காலத்துல இவரு டாக்டர்கிட்டயே போகல. வெளியாள் ஒருத்தர், குடும்பம் இல்லாதவங்க, அப்ப இப்படி நடந்துச்சு, நான் பாத்தேன்னு எழுதித் தரணும். யாராச்சும் இருக்காங்களா?"

செந்தில்நாதன் மனதுக்குள் தேர்வீதி முழுவதையும் ஒருமுறை சுற்றி வந்தார். ஆயிரம் பேர் பார்த்தார்கள். ஆயிரம் பேரும் முருகனைத்தான் பார்த்தார்கள். அவரே அல்லவா காட்டிக் கொடுத்தார்.

கிரிஜா குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு கேக்கணும். அவரு சமீபத்துல தன்னோட பொருள் ஏதாவது யாருக்காவது குடுத்தாரா? அவரு ரொம்ப ஆசையா வெச்சிருக்கிறது ஏதாவது?"

வாழ்நாள் முழுக்க ஒன்றைப் பத்தாக்கியவர், அன்றைக்குப் பத்தை ஒன்றாக்கினார். "ஒரு சின்ன ஸ்பனர் குடுத்தவன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு."

குசினிக்குள்ளிருந்து மீனாம்பாளின் குரல் வந்தது. "முழுப் பெட்டியையும் குடுத்திட்டான், பிள்ளை. அந்தச் சிவப்புப் பெட்டி. முதல் சம்பளத்தில வாங்கினது. இனித் தேவையில்லையாம்."

ஆசையாய் வைத்திருந்ததைக் கொடுத்துவிடுகிறவர்கள் உயிரையும் விடக்கூடும் என்று வார்டில் கண்டவள், கிரிஜா பேனாவை மூடினாள். எழுந்து போய், உருட்டுக் கதவுக்கு அடியில் குனிந்து கராஜுக்குள் போனவள் ஒன்றரை மணி நேரம் வெளியே வரவில்லை. வந்து, எந்த நேரமும் கூப்பிடக்கூடிய எண் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். வெள்ளிக்கிழமை மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்க அவன் சம்மதித்திருக்கிறான் என்றாள். காரில் ஏறும்போது சொன்னாள்:

"அவரு என்ன சொல்றாருன்னா, எல்லாரும் ஒண்ணு சாமிங்கிறாங்க, இல்ல குடிங்கிறாங்க, எனக்கே அது நடந்துச்சா இல்லையான்னு தெரியலங்கிறாரு. யாராவது ஒருத்தர், நான் பாத்தேன்னு சொல்லணும் அங்கிள். பேப்பருக்காக மட்டும் இல்ல."

அதனால்தான் புதன்கிழமை மண்டபத்தில் அந்த அறிவிப்பு. செந்தில்நாதனுக்குக் கெஞ்சத் தெரியாது. கதையாகச் சொன்னால் ஆரோக்கியம் எதிர்த்துப் பேசுவார், பேச்சோடு பேச்சாக உண்மை வெளியே விழும் என்று கணக்குப் போட்டார். பிஸ்கட்தான் விழுந்தது.

கூட்டம் முடிந்து, பஸ் தரிப்பிடத்துக்கு அவர் பின்னாலேயே நடந்தார். மழை தூறியது.

"ஆரோக்கியம், பகிடி இல்லை. பெடியன் ஆமில இருந்தவன். டார்வின் எண்டது நாங்கள் சொன்னது. ஆப்கானிஸ்தானில இருந்து வந்து மூண்டு மாசம்தான் அப்ப. நீர் கண்டத எழுதித் தரவேணும். கிரிஜா எண்ட பிள்ளை ஜூலையில அதைக் கன்பராவுக்கு அனுப்பும்."

"முதலைக்கு இடியப்பம் குடுத்தவன் சொல்ற."

"முதலை பொய். இது மெய்."

"நாதா, நான் ஜேபி. பார்க்காததுக்குக் கையெழுத்துப் போட்டா எனக்கு என்னா மரியாதை? நான் பார்த்தது ஒரு குடிகாரப் பயல."

"உம்மட கன்னத்தோடதான அவன்ர முகம் கிடந்தது. மணந்ததே? சொல்லும். ஒருக்காச் சொல்லும், சாராயம் மணந்ததே?"

பஸ் வந்தது. அவருடைய பஸ் அல்ல, வேறு எங்கோ போகிறது. ஆனாலும் ஆரோக்கியசாமி ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை செந்தில்நாதன் மகனைக் காரில் கூட்டிப்போய், காத்திருந்து, கூட்டிவந்தார். போகும்போதும் வரும்போதும் ஆரூரன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். சனிக்கிழமை மழை விடவில்லை. மீனாம்பாள் கராஜுக்குள் வைத்த சோற்றுக்கோப்பை வைத்த மாதிரியே திரும்பி வந்தது. செந்தில்நாதன் குசினி மேசையில் உட்கார்ந்து தானே எழுதிப் பார்த்தார். என் மகன் என்று தொடங்கினார். அடுத்த வரியே அவருடைய கண்ணுக்கே பொய் மாதிரித் தெரிந்தது. கிழித்தார்.

ஞாயிறு மதியம் வளவுக்குள் ஆரோக்கியசாமி நின்றார். பூசைக்குப் போட்ட கோட்டு, கக்கத்தில் தபால் உறை. வீட்டுக் கதவைத் தட்டாமல் நேரே கராஜுக்குப் போனார்.

"இரும், கதிரை கொண்டு வாறன்," என்று ஓடினார் செந்தில்நாதன்.

"வேணாம்." எழுபத்தாறு வயதில், கோட்டோடு, ஈரத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, பிறகு மற்றதையும் ஊன்றி, கதவுக்கு அடியில் தெரிந்த சப்பாத்துகளைப் பார்த்து ஆரோக்கியசாமி பேசினார்.

"தம்பி, நான் ஆரோக்கியசாமி. உள்ள இருக்கியா?"

சப்பாத்துகள் அசையவில்லை.

உறைக்குள்ளிருந்து அவர் ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்தார். ஒரு பக்கம் வில்லை இல்லை. உறைமேல் தபால்காரக் கையெழுத்தில், 12 பிப்ரவரி 2012, ஞாயிறு, தேர் என்று எழுதியிருந்தது. அதைக் கதவுக்கு அடியால் உள்ளே தள்ளினார்.

"இதத் தூக்கிப் போடல. ஏன்னு எனக்கே தெரியாது. வாடை இல்ல தம்பி. உன் வாய்ல ஒரு வாடையும் இல்ல. அன்னிக்கே தெரியும்."

செந்தில்நாதன் கதிரையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"என் காதுக்குள்ள இங்கிலீஷ்ல சொன்ன. 'ஸ்டே டவுன் சார், ஐ காட் யூ.' திருப்பித் திருப்பி. உன் நெஞ்சு அடிச்சது என் முதுகுல அடிச்சுது. என்னைக் காப்பாத்துறன்னு தெரிஞ்சுது. எதுலேருந்துன்னுதான் தெரியல." கோட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பயந்துட்டேன் லா. பேன்ட்லேயே போயிட்டேன். அத்தன பேர் முன்னாடி. எல்லாரும் எளநீர்னு நெனச்சாங்க. எங்க கண்டுபிடிச்சிருவாங்களோன்னு, எல்லாரும் உன்னப் பார்க்கட்டும்னு, குடிகாரப் பயன்னு கத்துனேன். அதுக்கப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

குசினி ஜன்னலில் மீனாம்பாள் நின்றார். மழை தகரத்தில் விழுந்தது. கராஜுக்குள்ளிருந்து, பாவிக்காமல் கிடந்த குரல் ஒன்று வந்தது.

"யூ செட் ஐ வாஸ் ட்ரங்க்."

"ஆமா."

"ஃபோர்ட்டீன் இயர்ஸ், அங்கிள்." சப்பாத்து ஒன்று பின்னுக்கு நகர்ந்தது. "நான் யோசிச்சன், மே பீ எனக்குத்தான் விசர், மே பீ ஒண்டும் நடக்கேல்லை எண்டு."

"எழுதிக் கொண்டாந்திருக்கேன். பேன்ட் சங்கதியும் சேர்த்து. முத்திரை குத்த நாளைக்கு வேற ஜேபிகிட்ட போவணும், நானே எனக்குக் குத்தக்கூடாது. ஜூலையில அந்தப் பொண்ணு அனுப்பட்டும். யாராவது கேட்டா நேர்ல வந்து சொல்றேன், கன்பராவுக்கும் வர்றேன்."

கதவுக்கு அடியில் ஒரு கை வந்தது. விரல்கள் கண்ணாடிச் சட்டத்தைத் தேடித் தொட்டன. எடுக்கவில்லை, தொட்டபடியே இருந்தன.

"அப்ப அப்பா சொல்லுறது?"

ஆரோக்கியசாமி திரும்பி, கதிரையோடு நின்ற செந்தில்நாதனை மேலும் கீழும் பார்த்தார். செந்தில்நாதன் கதிரையைத் தரையில் வைத்தார்.

"நாலு நிமிஷம்ங்கிறது பொய்," என்றார் ஆரோக்கியசாமி. "ஒரு நிமிஷம்கூட இருக்காது. கண்ணாடி டண்டினோங்குக்குப் போனதும் பொய். மத்தபடி, ஆப்கானிஸ்தான்தான் அதுன்னு புதன்கிழமை உங்கப்பன் மண்டபத்துல சொன்னது சரிதான் தம்பி. நடந்துச்சு."